ஜமைக்கா பெண்கள் கால்பந்து அணி: ஆட்டம் இல்லாத மாதங்களின் கணக்கு

ஜமைக்கா பெண்கள் அணி 2019, 2023 என இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடியது. முதல் முறை பிரான்ஸில் மூன்று ஆட்டம்: அடித்த கோல் ஒன்று, வாங்கியது 12. இரண்டாம் முறை ஆஸ்திரேலியாவில் நான்கு ஆட்டம்: அடித்தது அப்போதும் ஒன்றுதான், ஆனால் வாங்கியதும் ஒன்றே ஒன்று. முதல் முறை குழுவில் கடைசி இடம். இரண்டாம் முறை பிரேசிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாக்அவுட் சுற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே அணியின் முன்னணி வீராங்கனைகள் நாட்டுக்காக ஆட வரமாட்டோம் என்று அறிவித்தார்கள். வட, மத்திய அமெரிக்க, கரீபிய அணிகளுக்கான மண்டலக் கோப்பைக்கு ஜமைக்கா தகுதி பெறவில்லை.

இந்தக் கதையை உலகப் பத்திரிகைகள் பலமுறை சொல்லிவிட்டன. ஏழை நாடு, பாப் மார்லியின் மகள், நிதி திரட்டிய தாய், அழுதபடி கொண்டாடிய வீராங்கனைகள். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி நழுவிவிடுகிறது. திறமையும் பயிற்சியாளரும் ரசிகர்களும் இருந்தும் இந்த அணி ஏன் திரும்பத் திரும்ப உடைகிறது? தோற்று உடைந்த காலம் உண்டு, ஜெயித்த கையோடு உடைந்த காலமும் உண்டு. ஆகவே ஆட்டத்தின் முடிவுகளில் காரணத்தைத் தேடிப் பயனில்லை. ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையில், யாரும் பார்க்காத மாதங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

இருமுறை கலைந்த அணி

ஜமைக்காவின் மக்கள்தொகை ஏறக்குறைய 28 லட்சம். நமக்கு அந்தத் தீவு என்றால் ‘சபீனா பார்க்’ கிரிக்கெட் மைதானமும் வேகப்பந்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். மற்ற உலகத்துக்கு உசைன் போல்ட். வேகமாக ஓடும் ஒரு பள்ளிச் சிறுமி அங்கே கண்ணில் பட்டால் தடகளத்துக்குத்தான் இழுத்துக்கொள்வார்கள். ஆண்டுதோறும் தலைநகர் கிங்ஸ்டனின் தேசிய மைதானத்தில் நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான ‘சாம்ப்ஸ்’ தடகளப் போட்டிக்கு ஊரே திரளும். அதில் ஜெயித்தால் அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை, அதற்கப்புறம் ஒலிம்பிக் என்று பாதை தெளிவாகத் தெரியும். பெண்கள் கால்பந்தில் அப்படி ஒரு பாதை இல்லை.

ஆண்கள் கால்பந்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1997 நவம்பரில் மெக்சிகோவோடு ட்ரா செய்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது பிரதமர் பி. ஜே. பேட்டர்சன் பொது விடுமுறையே அறிவித்தார். அந்த ‘ரெகே பாய்ஸ்’ 1998இல் ஜப்பானை 2-1 என்று வென்றது இன்றும் தீவில் பேசப்படும் செய்தி. அதன் பிறகு 2022 வரை ஆண்கள் அணியால் உலகக் கோப்பைக்குத் திரும்ப முடியவில்லை. ஆனாலும் ஜமைக்கா கால்பந்துச் சம்மேளனத்தின் பணமும் கவனமும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தன. நிதி இறுகியபோது முதலில் வெட்டப்பட்டது பெண்கள் திட்டம்.

2010ஐ ஒட்டி அணி கலைந்தது. நீண்ட நாள் சர்வதேச ஆட்டம் ஆடாத அணியை ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்து நீக்கிவிடும். ஜமைக்காவும் பட்டியலிலிருந்து காணாமல் போனது. தரவரிசையில் இல்லாத அணியோடு நட்புமுறை ஆட்டம் ஆட யாரும் முன்வருவதில்லை. ஆடாததால் தரவரிசை இல்லை, தரவரிசை இல்லாததால் ஆட்டம் இல்லை.

2014இல் ரெகே இசைக்கலைஞர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி உள்ளே வந்தார். அவருடைய மகன் பள்ளியிலிருந்து கொண்டு வந்த ஒரு துண்டறிக்கை, பெண்கள் அணிக்கு நிதி கேட்டது. தேசிய அணிக்குப் பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் விட்டு நிதி திரட்டும் நிலையா என்று விசாரிக்கப் போனவர், அணியின் முதன்மை ஆதரவாளராகவே ஆகிவிட்டார். பாப் மார்லி அறக்கட்டளையின் பணம் வந்தது, ஒரு பாட்டு வெளியிட்டு நன்கொடை திரட்டினார், ஆதரவாளர்களைத் தேடினார். அணி எழுந்தது. 2015 உலகக் கோப்பைக்கும் 2016 ஒலிம்பிக்குக்கும் தகுதி கிடைக்கவில்லை. மறுபடியும் கலைந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தகுதிச்சுற்றில் தோற்பது எந்த அணிக்கும் நடக்கும். தோற்ற அணி அடுத்த மாதம் முகாம் போடும், இளம் ஆட்களைச் சேர்க்கும், மூன்று நட்புமுறை ஆட்டம் ஆடும். ஜமைக்காவில் தகுதிச்சுற்று முடிந்ததும் திட்டமே முடிந்துவிட்டது. அடுத்த தகுதிச்சுற்று நெருங்கும்போது மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் நடைமுறையாக இருந்தது. பெண்கள் அணி அங்கே ஓர் அமைப்பாக இல்லை, அவ்வப்போது நடக்கும் ஒரு நிகழ்ச்சியாகவே இருந்தது.

2018, டெக்சஸ்

அடுத்த முயற்சியின் பொறுப்பு ஹியூ மென்சீஸ் என்பவருக்கு வந்தது. நிதித்துறையில் வேலை பார்த்தவர். ஃபுளோரிடாவில் ஒரு இளையோர் கால்பந்து கிளப்பை நடத்தியவர். அவரும் உதவியாளர்களும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். உதவியாளர்களில் ஒருவர் கொலராடோவில் இளையோர் கிளப் நடத்திக்கொண்டிருந்த ஜமைக்காக்காரர் லார்ன் டொனால்ட்சன். அமெரிக்க அணியின் நட்சத்திரங்களான மல்லரி ஸ்வான்சனும் சோஃபியா ஸ்மித்தும் சிறு வயதில் அவரிடம் ஆடிப் பழகியவர்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2018 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த மண்டலப் போட்டியில் ஜமைக்கா கனடாவிடம் 0-2 என்று தோற்றது, கோஸ்டாரிகாவை 1-0 என்றும் கியூபாவை 9-0 என்றும் வென்றது, அரையிறுதியில் அமெரிக்காவிடம் 0-6 என்று நொறுங்கியது. மிச்சமிருந்தது மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஜெயித்தால் உலகக் கோப்பை. எதிரே பனாமா.

அக்டோபர் 17, டெக்சஸ் மாநிலத்தின் ஃப்ரிஸ்கோ. கடிஜா ஷா ஒரு கோல், கூடுதல் நேரத்தில் 17 வயதைக்கூட எட்டாத ஜோடி பிரௌன் ஒரு கோல். ஜமைக்கா இரண்டு முறை முன்னிலை பெற்றது, பனாமா இரண்டு முறையும் சமன் செய்தது. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் மென்சீஸ் தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு நிக்கோல் மெக்ளூரை அனுப்பினார், பெனால்டிகளைத் தடுக்க மட்டுமே. அவர் இரண்டைத் தடுத்தார். டொமினிக் பாண்ட்-ஃப்ளாசா கடைசி பெனால்டியை உள்ளே தள்ள, 4-2. கரீபியத் தீவுகளிலிருந்து பெண்கள் உலகக் கோப்பைக்குப் போன முதல் அணி ஜமைக்கா.

மென்சீஸின் அந்த மாற்றத்தைத் துணிச்சல் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பெனால்டி வரை போனால் யார் நிற்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது. பணமே இல்லாத இடத்திலும் யோசனைக்குச் செலவில்லை. ஜமைக்காவின் பயிற்சியாளர்கள் இந்த ஒரு விஷயத்தில் எப்போதும் பணக்கார அணிகளுக்குக் குறைந்தவர்களாக இருக்கவில்லை.

பிரான்ஸ் போனதும் உண்மை நிலவரம் தெரிந்தது. கிரெனோபிளில் பிரேசிலிடம் 0-3. மூன்றும் கிறிஸ்டியானே அடித்தது. ரெய்ம்ஸில் இத்தாலியிடம் 0-5. ஆஸ்திரேலியாவிடம் 1-4, நான்கையும் சாம் கெர் அடித்தார். ஜமைக்காவின் அந்த ஒற்றை கோல் ஹவானா சொலாவுன் என்ற நடுக்கள வீராங்கனையுடையது. சொலாவுனின் தாயும் இந்தக் கதையில் பின்னால் வருவார்.

போட்டிக்கு முன்பே, 2019 ஜனவரி முதல் கணக்கிட்டு வீராங்கனைகளுக்கு மாத ஊதியம் தர சம்மேளனம் ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆண்டு முடியும் முன், செப்டம்பரில், பணம் வந்து சேரவில்லை என்று வீராங்கனைகள் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகச் சொன்னார்கள். வரும்வரை பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வரமாட்டோம் என்றார்கள். மென்சீஸும் அந்த ஆண்டோடு விலகினார். உலகக் கோப்பையில் குழுச்சுற்றோடு வெளியேறிய அணிகளின் சம்மேளனங்களுக்கு அந்த முறை ஃபிஃபா தந்த பரிசு 7,50,000 டாலர். ஒரு சிறிய நாட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் பரிசுப் பணம் போட்டி முடிந்து வருவது. விமான டிக்கெட்டும் ஹோட்டலும் முகாமும் போட்டிக்கு முன்னால் கட்ட வேண்டியவை. கையில் ரொக்கம் இல்லாத சம்மேளனம் இந்த இடைவெளியைக் கடனால் நிரப்பும், பரிசு வந்ததும் பழைய கடனுக்குக் கட்டும், அடுத்த ஆண்டுக்கு மறுபடி வெறுங்கை. ஊதியம் தாமதமானதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. தாமதம் எப்படி ஒரு பழக்கமாகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

புலம்பெயர்ந்தோர் தந்த அணி, அதற்கு வந்த பில்

2019க்கும் 2023க்கும் நடுவே அணியில் ஏற்பட்ட பெரிய மாற்றம் ஆட்கள். ஃபிஃபா விதிப்படி பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஒரு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் டொரண்டோவிலும் ஜமைக்கா வம்சாவளியினர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். கோல்கீப்பர் ரெபெக்கா ஸ்பென்சர் லண்டனில் பிறந்தவர், இங்கிலாந்து இளையோர் அணிகளில் ஆடியவர். நடுக்களத்தில் ட்ரூ ஸ்பென்ஸ், இங்கிலாந்து சட்டையை அணிந்து பார்த்தவர். தடுப்பின் மையத்தில், 2019 அணியிலேயே இருந்த, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வளர்ந்த அக்கா தங்கை, அல்லிசன் ஸ்வேபியும் ஷாண்டெல் ஸ்வேபியும்.

தீவில் வளர்ந்தவர்களின் தலைமகள் ஷா. ஸ்பானிஷ் டவுனில் பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி, வன்முறையில் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். ஆனால் அவரும் ஆட்டக்காரராக முழுமை பெற்றது வெளியே. அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம், பிறகு பிரான்ஸின் போர்டோ கிளப், 2021இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்களுக்கு இணையாகப் பெண்கள் விளையாட்டுக்கும் உதவித்தொகை தரவேண்டும் என்ற நிலையை 1972ஆம் ஆண்டின் ஒரு சட்டம் உருவாக்கியது. ஜமைக்காவின் பெண்கள் கால்பந்துக்கு உலகிலேயே அதிகம் உதவிய சட்டம் அதுவாகத்தான் இருக்கும். அதை இயற்றியது வாஷிங்டன், கிங்ஸ்டன் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆட்டக்காரரை உருவாக்கும் செலவை இங்கிலாந்து கிளப்பும் அமெரிக்கக் கல்லூரியும் ஏற்றுக்கொள்கின்றன. ஆட்டக்காரர்களை ஓரிடத்தில் கூட்டும் செலவு மட்டும் ஜமைக்காவுடையது. உள்ளூர் ஆட்களைக் கொண்ட அணி பேருந்து அனுப்பி முகாம் போட்டுவிடலாம். இந்த அணிக்கு ஒவ்வொரு முகாமும் மான்செஸ்டர், லண்டன், ஃபுளோரிடா என்று இரண்டு டஜன் விமான டிக்கெட். கிளப்புகள் ஃபிஃபா குறித்த நாள்களில் மட்டுமே ஆட்களை விட வேண்டும். அந்தச் சில நாள்களில் டிக்கெட் போடத் தவறினால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். ஆக, திறமை மலிவாகக் கிடைத்தது, சேர்ந்து ஆடும் நேரம் எட்டாத விலைக்குப் போய்விட்டது.

ஐஸ்லாந்தோடு ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். அங்கே மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடாது. ஆனால் குளிர்காலத்திலும் ஆட உள்ளரங்க மைதானங்கள் கட்டினார்கள், உள்ளூர் கிளப்புகளில் படித்த பயிற்சியாளர்களை வைத்தார்கள், 2018இல் தேசிய அணிக்கு ஆடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஊதியம் என்றார்கள். 2009 முதல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் அவர்கள் தவறவிட்டதில்லை. ஆனால், இதையும் சொல்லியாக வேண்டும், 2023 வரை ஐஸ்லாந்து ஒரு பெண்கள் உலகக் கோப்பையில்கூட ஆடியதில்லை. ஐரோப்பாவில் இடத்துக்கு அடிதடி அதிகம். ஜமைக்காவுக்கு மண்டலம் சாதகம். எல்லாப் பெருமையையும் ஜமைக்காவுக்கும் எல்லாப் பாடத்தையும் ஐஸ்லாந்துக்கும் கொடுப்பது நியாயமில்லை.

2022, மான்டெர்ரே

2022இன் முதல் பாதியில் இன்னொரு குழப்பம். பயிற்சியாளரை மாற்றும்படி வீராங்கனைகள் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மண்டலப் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும்போது லார்ன் டொனால்ட்சன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். புதிதாக எதையும் சொல்லித்தர நேரமில்லை. பின்னால் கட்டுக்கோப்பாக நில், பந்து கிடைத்தால் ஷாவைத் தேடு, அவ்வளவுதான்.

ஜூலை 4, மெக்சிகோவின் மான்டெர்ரே நகரம். போட்டியை நடத்தும் நாடே எதிரணி. மெக்சிகோவுக்குச் சொந்த நாட்டிலேயே காசு புழங்கும் பெண்கள் லீக் உண்டு, அரங்கம் முழுக்க அவர்களுடைய ரசிகர்கள். எட்டாவது நிமிடத்தில் ஷா தலையால் முட்டி கோல் அடித்தார். மிச்ச நேரம் முழுக்க ஜமைக்கா அந்த ஒரு கோலைக் காத்தது. அமெரிக்காவிடம் 0-5 தோல்வி. ஹைட்டியை 4-0 என்று வென்று குழுவில் இரண்டாம் இடம், உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதி. மெக்சிகோ குழுவில் கடைசி. அரையிறுதியில் கனடாவிடம் தோற்ற பிறகு, மூன்றாம் இடத்துக்காகக் கோஸ்டாரிகாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று வென்றார்கள். 2023இல் உலகக் கோப்பை 24 அணிகளிலிருந்து 32 ஆனதால்தான் ஜமைக்கா போன்ற அணிகள் உள்ளே வந்தன என்று சிலர் சொன்னார்கள். மண்டலத்தில் மூன்றாவதாக முடித்த அணியைப் பற்றி அப்படிச் சொல்வது பொருந்தாது.

உலகக் கோப்பைக்கு முந்தைய மாதம்

தகுதி பெற்றதற்கும் போட்டி தொடங்கியதற்கும் நடுவே ஓர் ஆண்டு இருந்தது. அந்த ஓர் ஆண்டு எப்படிக் கழிந்தது என்பதை வீராங்கனைகளே எழுத்தில் சொன்னார்கள். 2023 ஜூன் 15 அன்று சமூக ஊடகத்தில் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் பெரிய அரசியல் கோரிக்கை எதுவும் இல்லை. பயண ஏற்பாடு, தங்குமிடம், பயிற்சி வசதி, உணவு, ஊதியம், தகவல் பரிமாற்றம் என்று அன்றாட விஷயங்கள். ஏற்பாடுகள் குளறுபடியானதால் பல நட்புமுறை ஆட்டங்களையே தவறவிட்டோம் என்பதும் அதில் இருந்தது. என் கணக்கில் அந்த அறிக்கையின் மிகக் கனமான வரி அதுதான். ஊதியம் தாமதமானால் பின்னால் கொடுத்துவிடலாம். உலகக் கோப்பைக்கு முன்னால் ஆடாமல் போன ஆட்டத்தைப் பின்னால் ஆட முடியாது.

சொலாவுனின் தாய் சாண்ட்ரா ஃபிலிப்ஸ்-ப்ரோவர் இணையத்தில் ஒரு நிதி திரட்டலைத் தொடங்கினார். இலக்கு ஒரு லட்சம் டாலர். பெண்கள் அணியின் செல்லப்பெயரைத் தாங்கிய ‘ரெகே கேர்ள்ஸ்’ அறக்கட்டளையும் தனியாக ஒன்றைத் தொடங்கியது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஒரு தேசிய அணி, ஊரார் காசில் தயாரானது. எல்லாம் சரியாக நடக்கவில்லை என்பதைச் சம்மேளனமும் ஒப்புக்கொண்டது; சரிசெய்ய முயல்வதாகச் சொன்னது.

360 நிமிடம், ஒரு கோல்

இந்த நிலையில்தான் ஜூலை 23 அன்று சிட்னியில் பிரான்ஸுக்கு எதிராக இறங்கினார்கள். பந்து பெரும்பாலும் பிரான்ஸிடம். ஜமைக்கா தன் தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் நடுவே இடைவெளியே விடவில்லை. ஸ்வேபி சகோதரிகள் பெனால்டி பெட்டிக்குள் வந்த உயரப் பந்துகளை வெளியே முட்டிக்கொண்டே இருந்தார்கள். ஷா தனியாளாக முன்னால் நின்று, வந்த பந்தைப் பிடித்து வைத்து, பின்னால் இருப்பவர்கள் மூச்சு வாங்க நேரம் கொடுத்தார். கடைசி நிமிடங்களில் கடிடியாட்டு டியானி தலையால் முட்டிய பந்து கோல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. 0-0. உலகக் கோப்பையில் ஜமைக்கா பெண்களுக்கு முதல் புள்ளி. கூடவே ஒரு அடி: ஷாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அடுத்த ஆட்டத்துக்குத் தடை.

அடுத்த ஆட்டம் பெர்த்தில், மறுபடி பனாமா. ஷா இல்லாமல் கோல் யார் அடிப்பது என்ற கவலைக்கு 56ஆவது நிமிடத்தில் விடை வந்தது: ட்ரூடி கார்ட்டர் அடித்த கார்னரை அல்லிசன் ஸ்வேபி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கோல் அடித்ததும் தடுப்பாட்டக்காரர்தான்! உலகக் கோப்பையில் முதல் வெற்றி, 1-0.

ஆகஸ்ட் 2, மெல்போர்ன், பிரேசில். ஜமைக்காவுக்கு ட்ரா போதும், பிரேசிலுக்கு வெற்றி வேண்டும். மார்த்தா தன் ஆறாவது உலகக் கோப்பையில் தொடக்கத்திலிருந்தே இறக்கப்பட்டார். நான்கு ஆண்டுக்கு முன் இதே பிரேசில் மூன்று கோல் அடித்திருந்தது. இந்த முறை தடுப்பின் பக்குவம் வேறு. லண்டனிலும் ரோமிலும் பாரிஸிலும் வாரந்தோறும் பெரிய அணிகளோடு மோதிப் பழகியவர்கள் அதில் இருந்தார்கள். பிரேசில் நேரமாக ஆக நேராகப் பெட்டிக்குள் பந்தைத் தூக்கிப் போடத் தொடங்கியது. உயரமான தடுப்பாட்டக்காரர்களும் ஸ்பென்சரும் வேண்டியதும் அதைத்தான். 0-0. மார்த்தாவின் கடைசி உலகக் கோப்பை ஆட்டம் என்று உலகம் அதைப் பதிந்துகொண்டது. பிரான்ஸுக்கு 7 புள்ளி, ஜமைக்காவுக்கு 5, பிரேசிலுக்கு 4.

இந்தப் பாணியைச் சலிப்பான ஆட்டம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. தயாரிப்பு நாள்கள் குறைவாக உள்ள பயிற்சியாளர் என்ன செய்வார்? தாக்குதலில் ஆள்கள் ஒருவர் மனதை ஒருவர் அறிய வேண்டும்; அதற்குச் சேர்ந்து ஆடிய ஆட்டங்கள் வேண்டும். தடுப்பில் இடம் விட்டு நகராமல் நிற்பதைச் சில நாள்களில் ஒழுங்குபடுத்திவிடலாம். இரண்டு உலகக் கோப்பையிலும் தலா ஒரு கோல்தான் என்ற கணக்குக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது. புதியவர்கள் வந்ததாலும் இருந்தவர்கள் பெரிய அணிகளோடு மோதிப் பழகியதாலும் தடுப்பு பல மடங்கு மேம்பட்டது. தாக்குதலுக்கு வேண்டிய நேரம் 2019இலும் கிடைக்கவில்லை, 2023இலும் கிடைக்கவில்லை. தவறவிட்ட நட்புமுறை ஆட்டங்களின் விலை அந்த ஒற்றை கோலில் தெரிகிறது. ஐரோப்பாவின் தலைசிறந்த முன்னணி வீராங்கனைகளில் ஒருவரை வைத்துக்கொண்டு 360 நிமிடத்தில் ஒரு கோல், அதுவும் கார்னரில்!

ஆகஸ்ட் 8 அன்று கொலம்பியாவின் கட்டலினா உஸ்மே 51ஆவது நிமிடத்தில் அடித்த கோலோடு பயணம் முடிந்தது. பின்தங்கிய பிறகு திருப்பி அடிக்க ஜமைக்காவிடம் ஒத்திகை பார்த்த வழி எதுவும் இல்லை.

அப்புறம் பணம் வந்தது

2023 உலகக் கோப்பையில் ஃபிஃபா முதல் முறையாக ஆட்டக்காரர்களுக்கென்று தனித்தொகை அறிவித்தது: குழுச்சுற்றோடு போனால் ஆளுக்கு 30,000 டாலர், 16 அணிகள் சுற்றுக்கு வந்தால் 60,000. சம்மேளனத்துக்குத் தனியாக 18.7 லட்சம் டாலர். பெரும்பாலான ஜமைக்கா வீராங்கனைகளுக்கு 60,000 டாலர் என்பது ஓராண்டு கிளப் சம்பளத்தையே விஞ்சக்கூடிய தொகை. ஆனால் பணம் நேரே வீராங்கனைகளின் வங்கிக் கணக்குக்குப் போகவில்லை. அந்தந்த நாட்டுச் சம்மேளனத்தின் வழியாகத்தான் போனது. பழைய அனுபவம் உள்ள வீராங்கனைகளுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பரில் ஒலிம்பிக் இடத்துக்காகக் கனடாவோடு இரண்டு ஆட்டம். கிங்ஸ்டனில் 0-2, டொரண்டோவில் 1-2. இதில் ஜெயித்திருந்தால் பாரிஸ் ஒலிம்பிக்கோடு 2024 மண்டலத் தங்கக் கோப்பைக்கும் நேரடி இடம் கிடைத்திருக்கும். தோற்றதால் தகுதிச்சுற்று ஆட வேண்டி வந்தது, பனாமாவும் குவாத்தமாலாவும் இருந்த குழுவில். அக்டோபரில் அந்த ஆட்டங்களுக்கு முன் வீராங்கனைகள் அறிவித்தார்கள்: உலகக் கோப்பைப் பணம் முழுமையாக வரவில்லை, நடத்தும் விதமும் மாறவில்லை, ஆகவே ஆட வரவில்லை. சம்மேளனம் தன் பக்கத்து விளக்கத்தைச் சொன்னது. கிடைத்த வேறு ஆட்களோடு அணி இறங்கியது. பனாமா தங்கக் கோப்பைக்குப் போனது, ஜமைக்கா போகவில்லை.

சம்மேளனத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது. நான் பாதிக்குமேல் போடத்தான் செய்வேன், ஆனாலும் அதன் நிலைமையையும் பார்க்க வேண்டும். உள்ளூரில் பெரிய தொலைக்காட்சி வருமானம் இல்லை. ஆண்கள், இளையோர், பெண்கள் என்று பல அணிகளை ஒரே சிறிய பையிலிருந்து நடத்த வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பெரும் பணத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது, ஃபிஃபா நாள்காட்டி வெளியானதும் டிக்கெட் போடத் தெரிந்த ஒரு முழுநேர மேலாளரும், வேறு எந்தச் செலவுக்கும் திருப்பிவிட முடியாத ஒரு பயணக் கணக்கும்தான். உலகக் கோப்பையில் கிடைத்த 18.7 லட்சம் டாலரில் சிறு பகுதியை அப்படி ஒதுக்கினாலே சில ஆண்டு முகாம்களுக்குத் தாங்கும். முகாம்களை எப்போதும் கிங்ஸ்டனில் போடவும் தேவையில்லை. லண்டனிலோ ஃபுளோரிடாவிலோ போட்டால் பாதி டிக்கெட் மிச்சம். அதில் ஒரு இழப்பு உண்டு: தீவிலிருக்கும் சிறுமிகள் ஷாவை நேரில் பார்க்கும் வாய்ப்பு இன்னும் அரிதாகும். இரண்டில் எது என்று கேட்டால் நான் முகாம்களையே தேர்வேன். ஷா மான்செஸ்டரில் ஆடுவதைத் தொலைபேசித் திரையில் பார்த்து வளரும் சிறுமிக்கு, அவள் தயாராகும்போது சேர்வதற்கு உயிரோடு ஓர் அணி இருக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் தங்கக் கோப்பை தொடங்கியது. 12 அணிகள்: அமெரிக்கா, கனடா, தென் அமெரிக்காவிலிருந்து விருந்தினராகப் பிரேசில், கொலம்பியா எல்லாம் வந்தன. கரீபியப் பகுதியிலிருந்து டொமினிக்கன் குடியரசும் போர்டோ ரிக்கோவும் இருந்தன. அந்தப் பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் 21 கோல் அடித்து அதிக கோல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் கடிஜா ஷா. பிரேசிலோடும் கொலம்பியாவோடும் மறுபடி மோதி, தாக்குதலைச் சேர்ந்து பழகிக்கொள்ளக் கிடைத்திருக்க வேண்டிய ஆட்டங்கள் அந்த மூன்று வாரத்தில் நடந்து முடிந்தன, ஜமைக்கா இல்லாமல்.